பெரிய எஞ்சினுக்கு எந்தக் கியர்பாக்ஸ் தாங்கும்? – கேள்வி பதில்

எஞ்சின் மாற்றம் பற்றி வேலூர் வட்டாரத்து வாகனப் பிரியர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

காட்பாடி: பழைய சிஜே-3பி ஜீப்பில் மகிந்திரா தார் சிஆர்டிஇ 2.5 லிட்டர் டீசல் எஞ்சினை ஏற்றப் போகிறேன். மூன்று கியர் டி-90 கியர்பாக்ஸ் தாங்குமா ஐயா?

தாங்காது. அந்த ஜீப்போடு வந்த ஹரிகேன் பெட்ரோல் எஞ்சினின் முறுக்குவிசை, அதாவது ஷாஃப்ட்டைத் திருகும் விசை, சுமார் 155 நியூட்டன் மீட்டர். 2010இல் வந்த தார் சிஆர்டிஇயில் 247. டி-90இன் முதல் கியர் விகிதம் ஏறத்தாழ 2.8. இரண்டையும் பெருக்கினால், முதல் கியரில் 434 நியூட்டன் மீட்டர் சுமந்த மெயின் ஷாஃப்ட் (விசையை வெளியே கொண்டுபோகும் தண்டு) இனி 690க்கு மேல் சுமக்க வேண்டும். பற்கள் ஒன்றையொன்று தள்ளும்போது மெயின் ஷாஃப்ட்டும் அதற்கு இணையாக ஓடும் லே ஷாஃப்ட்டும் விலகப் பார்க்கும், கியர்பாக்ஸின் கூடு வளையும், பல்லின் நுனி மட்டும் பிடிக்கும், பிறகு உடையும். அதனால்தான் இரண்டு ஷாஃப்ட்டுகளுக்கும் இடைவெளி அதிகமுள்ள கியர்பாக்ஸை வலுவானது என்கிறோம்.

எஞ்சினோடு வந்த கியர்பாக்ஸையே சேர்த்து வாங்குங்கள். அது நீளமானது, உங்கள் ஜீப்பின் வீல்பேஸ் 80 அங்குலம்தான். பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் குட்டையாகி அதன் சாய்வுக் கோணம் கூடும், ஜாயிண்ட் அடிக்கடி போகும். முதலில் அளந்து பாருங்கள். அகல டயரும் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். சிறிய டயர் வழுக்கி விசையை வீணாக்கும். அந்த வழுக்கல்தான் கியர்பாக்ஸைக் காப்பாற்றும். பிடிப்புள்ள டயரும் கனமான வண்டியும் சேர்ந்தால் முழு விசையும் பல்லில்தான் இறங்கும்.

ஆற்காடு: என் எஞ்சின் 100 குதிரைத்திறன். எது போடலாம்?

எத்தனை ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்றில்? 4000இல் 100 என்றால் அங்கே முறுக்குவிசை சுமார் 176 நியூட்டன் மீட்டர். 6000இல் 100 என்றால் 117தான். குதிரைத்திறனைப் பார்த்துக் கியர்பாக்ஸ் வாங்காதீர்கள். முறுக்குவிசை, வண்டியின் எடை, டயர் அளவு, ஆக்சில் விகிதம் நான்கையும் எழுதுங்கள்.

ராணிப்பேட்டை: 150 குதிரைத்திறனுக்கு?

ஆற்காட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஆம்பூர்: பந்தயக் கார்களில் நேர்பல் கியர்தான். அதுதானே வலு?

இல்லை. ஒரே அகலத்தில் சாய்பல் கியரில் ஒரே நேரத்தில் அதிகப் பற்கள் சுமையைப் பகிர்கின்றன. பொதுவாக அதுவே தாங்கும். சாய்வினால் ஷாஃப்ட் பக்கவாட்டில் தள்ளப்படும்; அந்தத் தள்ளலும் உராய்வும் வேண்டாம் என்றுதான் பந்தயத்தில் நேர்பல் போடுகிறார்கள்.

வாணியம்பாடி: இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடத்தில் நேரில் பார்த்தேன், ஊளையிடும் நேர்பல் கியர்பாக்ஸ்கள் உடையவே இல்லை.

ஊளைச் சத்தத்தை வலு என்று எடுத்துக்கொண்டீர்கள். அவை பந்தயத்துக்கென்றே அகலப் பல்லோடு, நல்ல எஃகில் செய்தவை. ஓட்டத்துக்கு ஓட்டம் பிரித்துப் பார்க்கிறார்கள். நீங்கள் பிரித்துப் பார்ப்பீர்களா? ஆம்பூர்க்காரரே, நீங்களும் அவரோடு சேர வேண்டாம்.

ஜோலார்பேட்டை: வலுவான கியர்பாக்ஸ் போட்டால் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் வேகமாக ஏறுமா?

ஏறாது. வேகத்தைத் தருவது விகிதம். வலு என்பது உடையாமல் இருப்பது மட்டுமே.

குடியாத்தம்: சென்னை புதுப்பேட்டையில் பழைய கியர்பாக்ஸ் வாங்குகிறேன் அண்ணா. எதைப் பார்ப்பது?

ஆயில் வடிக்கும் பிளக்கைக் கழற்றுங்கள். அதில் காந்தம் இருந்தால் விரலால் வழித்துப் பாருங்கள். சாம்பல் நிறக் களிம்பு மாவுபோல் நழுவினால் பயமில்லை. நெருடினால், அதிலும் ஒரு பக்கம் பளபளப்பாக உடைந்த சில்லு கிடைத்தால், விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். எஞ்சின் பக்கமுள்ள இன்புட் ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள்; அதிகம் ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கும். அதன் ஸ்ப்ளைன் (நீளவாக்கில் வெட்டிய வரிப்பற்கள்) உங்கள் கிளட்ச் தட்டோடு பொருந்துகிறதா என்று தட்டையே கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். கிளட்சை மூடி எஞ்சினோடு பொருந்தும் பெல் ஹவுசிங்குக்கு அடாப்டர் தட்டு செய்தால் மையம் சரியா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். மையம் விலகினால் எவ்வளவு வலுவான கியர்பாக்ஸும் பேரிங்கை இழக்கும்.

இன்னொன்று: ஜிஎல்-5 தரக் கியர் ஆயில் எல்லாவற்றுக்கும் உயர்ந்தது என்று ஊற்றாதீர்கள். கியர் மாறும்போது வேகத்தை ஒன்றாக்கும் பித்தளை சின்க்ரோ வளையத்தை அதன் ரசாயனங்கள் சில அரிக்கும். தயாரிப்பாளர் ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-4தான்.

திருப்பத்தூர்: 200 குதிரைத்திறனுக்கு எது?

ஆற்காடு.

வேலூர்: எஞ்சின் மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சிக்கல் வருமா?

வரும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் 52ஆம் பிரிவைப் படியுங்கள்; அந்தக் கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் கண்டிப்பாகச் சொன்னது. எஞ்சினுக்கு முன்பணம் கொடுக்குமுன் அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள்.

வாணியம்பாடி: நேர்பல் பற்றி இன்னும் ஒன்று…

வேண்டாம் தம்பி.