55-க்குக் காவல்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். பயிற்சிக்காகச் சில மாதங்கள் ஒசாகாவில் இருந்தபோது பேஸ்பால் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அங்கே என்னோடு வேலை செய்தவர் ஒருவர் ஹான்ஷின் டைகர்ஸ் அணியின் தீவிர ரசிகர். 1985-இல் அந்த அணியின் அமெரிக்க வீரர் ராண்டி பாஸ் ஒரே பருவத்தில் 54 ஹோம் ரன் (வேலியைத் தாண்டிப் போகும் அடி) அடித்து, ஜப்பான் பேஸ்பாலின் நட்சத்திரம் சதஹாரு ஓவின் 55 என்ற சாதனையை நெருங்கியபோது, எதிரணி அவருக்கு ஒழுங்கான பந்தே வீசாமல் தடுத்துவிட்டது என்று இன்றும் கோபப்படுகிறார். எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. விதிக்கு உட்பட்டுத்தானே வீசினார்கள்? தங்கள் நாட்டு நாயகனின் பெருமையைக் காப்பாற்ற ஒரு நாட்டுக்காரர்கள் நினைப்பது இயல்புதானே? கூடவே இன்னொரு கேள்வி. அமெரிக்காவில் ஒரு பருவத்துக்கான உண்மையான சாதனை பாரி பாண்ட்ஸின் 73-ஆ, ஆரன் ஜட்ஜின் 62-ஆ?

ஆர்., ஓசூர்

அன்புள்ள ஆர்.,

நான் உங்கள் ஒசாகா நண்பரின் பக்கம். அவருடைய கோபம் நியாயமானது என்று மட்டுமல்ல, அது ஓவுக்காகவும் படவேண்டிய கோபம் என்று நினைக்கிறேன்.

முதலில் விதியைப் பார்த்துவிடலாம். பிட்சர், அதாவது பந்து வீசுபவர், நான்கு பந்துகளை ஸ்ட்ரைக் எல்லைக்கு (பேட்டர் அடிக்க வசதியான இடத்துக்கு) வெளியே வீசினால், பேட்டர் ஓட்டத்தின் முதல் நிலையான முதல் பேஸுக்கு நடந்தே போய்விடலாம். வேண்டுமென்றே அப்படி நடக்கவிடுவதும் ஆட்டத்தில் உண்டு. 2004-இல் பாண்ட்ஸ் 232 முறை இப்படி நடந்தார், அதில் 120 முறை வெளிப்படையாகவே வேண்டுமென்று விட்டது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவரை அடிக்கவிட்டால் தோற்றுப்போவோம் என்று கணக்குப் போட்டு ஒரு பேஸை விட்டுக்கொடுக்கிறார்கள். 1985 அக்டோபரில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. ஹான்ஷின் லீக்கை ஏற்கெனவே வென்றாகிவிட்டது. மிச்சமிருந்த ஆட்டங்கள் யோமியுரி ஜயண்ட்ஸோடு. அதன் மேலாளர் சதஹாரு ஓ. கடைசி நாளில் பாஸை நான்கு முறை நடக்கவிட்டார்கள். ஒரு தடவை எங்கேயோ போன பந்தை அவரே எட்டி அடித்து ஒரு சிங்கிள் (ஒரு பேஸ் மட்டும் கிடைக்கும் அடி) எடுத்தார். பருவம் 54-இலேயே முடிந்தது. ஒவ்வொரு முறை அவரை நடக்கவிட்டபோதும் எதிரணி ஆள் ஒருவரைச் சும்மா பேஸில் ஏற்றிவிட்டார்கள். அதாவது தங்கள் அணிக்கே கெடுதல் செய்துகொண்டு, 21 வருடம் முன்பு அடித்து முடித்த ஒரு எண்ணுக்காகப் பந்து வீசினார்கள்.

தான் அப்படிச் சொல்லவில்லை என்று ஓ மறுத்தார். ஆனால் பாஸுக்கு ஸ்ட்ரைக் வீசினால் ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் டாலர் அபராதம் என்று பயிற்சியாளர் ஒருவர் மிரட்டியதாக, அப்போது ஜயண்ட்ஸில் இருந்த அமெரிக்க பிட்சர் கீத் காம்ஸ்டாக் பிற்பாடு சொன்னார்.

சரி, ஒரு தடவை நடந்துவிட்டது என்று விடலாமா என்றால் அதுவும் முடியாது. 2001-இல் கின்டெட்சு அணியின் டஃபி ரோட்ஸ், ஆட்டங்கள் பாக்கி இருக்கும்போதே 55-ஐத் தொட்டுவிட்டார். அடுத்து எதிரே வந்தது டாய்யெ ஹாக்ஸ், அதற்கும் மேலாளர் ஓ. மறுபடியும் அதே கதை. ஒரு வெளிநாட்டுக்காரர் ஓவின் சாதனையை முறியடிப்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று ஹாக்ஸின் பயிற்சியாளர் யோஷிஹாரு வகானா வெளிப்படையாகவே பேசினார். ஜப்பான் பேஸ்பால் ஆணையரே இதைக் கண்டித்தார். அடுத்த வருடம் செய்பு அணியின் அலெக்ஸ் கப்ரேரா 55-க்கு வந்தார், வெனிசுவேலாக்காரர். இந்த முறை ஸ்ட்ரைக் வீசுங்கள் என்று ஓவே தன் பிட்சர்களிடம் சொன்னார். பெரும்பாலோர் கேட்கவில்லை! எனக்கு இதில் மிகவும் வலிப்பது இந்த இடம்தான். சாதனைக்குச் சொந்தக்காரரே விடுங்கள் என்று சொன்ன பிறகும், அவர் பெயரால் காவல் நின்றவர்கள் நகரவில்லை.

‘தங்கள் நாட்டு நாயகன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஓ பிறந்தது டோக்கியோவில், அம்மா ஜப்பானியர். அப்பா சீனாவிலிருந்து வந்து டோக்கியோவில் சாப்பாட்டுக் கடை வைத்தவர். ஓவிடம் இருப்பது தைவான் குடியுரிமை. 1957-இல் பள்ளி மாணவராகப் பிட்சராக ஆடி பள்ளிகளுக்கான தேசியப் போட்டியான கோஷியென் வசந்தகாலக் கோப்பையைத் தன் பள்ளிக்கு வாங்கிக் கொடுத்தார். அதே வருடம் தேசிய விளையாட்டு விழாவில், ஜப்பானியக் குடிமகன் இல்லை என்று சொல்லி அவரை ஆடவிடவில்லை. குடியுரிமையைக் காட்டித் தன்னை ஒதுக்கிய வலி தெரிந்த ஒருவரின் பெயரைச் சொல்லி, மூன்று பேரை வெளிநாட்டார் என்று ஒதுக்கினார்கள். இதை இயல்பு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த 55 எப்படி வந்தது என்று பாருங்கள். 1963-இல் கத்சுயா நோமுரா 52 அடித்துச் சாதனை வைத்தார். ஒரே வருடத்தில், 140 ஆட்டப் பருவத்தில், ஓ அதைத் தாண்டினார். ஒற்றைக் காலைத் தூக்கி நிற்கும் அவருடைய பாணி அப்போது இரண்டு வருடம் பழையது, பயிற்சியாளர் ஹிரோஷி அரகாவாவோடு சேர்ந்து உருவாக்கியது. 1964 மே 3 அன்று ஹான்ஷினுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன். உடனே ஹிரோஷிமா கார்ப் அணி தன் ஃபீல்டர்களை மைதானத்தின் வலது பக்கமாக நகர்த்தி நிறுத்தியது. இடது கைக்காரரான ஓ அங்கேதான் இழுத்து அடிப்பார் என்று கணித்துப் போட்ட வியூகம். இடது பக்கம் திறந்து கிடந்தும் அவர் அங்கே தட்டிவிட்டு ஓட ஆசைப்படவில்லை. வேலிக்கு மேலே போகும் பந்தை எந்த ஃபீல்டரும் பிடிக்க முடியாது என்பதே அவருடைய பதில். இப்படித் திட்டம் போட்டு மோதிய அணிகளுக்கு எதிராக வந்த எண் அது. யாருடைய பாதுகாப்பும் அதற்குத் தேவைப்படவில்லை. 1985-க்குப் பிறகு 55 என்றாலே பாஸ், ரோட்ஸ், கப்ரேரா பெயர்களையும் சேர்த்துச் சொல்லவேண்டியதாகிவிட்டது. ஓவின் பெருமைக்கு உண்மையில் கெடுதல் செய்தது அதுதான்.

இதே விஷயத்தில் கொரியாவில் என்ன நடந்தது என்று சொல்லவேண்டும். 2003-இல் சாம்சங் லயன்ஸின் லீ சுங்-யுப் 55-இல் நின்றார். இன்னும் ஒன்று அடித்தால் ஓவையும் தாண்டுவார். புசானில் லோட்டே அணி அவரை வேண்டுமென்றே நடக்கவிட்டது. உடனே பார்வையாளர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் மைதானத்துக்குள் வீசினார்கள். அவர்கள் லோட்டேயின் சொந்த ரசிகர்கள்! ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுபோனது. அக்டோபர் 2 அன்று தேகுவில் அதே லோட்டேக்கு எதிராக லீ 56-வது அடித்தார். பந்தைப் பிடிக்க ரசிகர்கள் வலைகளோடு உட்கார்ந்திருந்த படங்கள் இணையத்தில் கிடைக்கும், பாருங்கள்.

ஜப்பானில் அந்த முடிச்சு 2013-இல்தான் அவிழ்ந்தது. யகுல்ட் அணியில் ஆடிய குரசாவ் தீவுக்காரர் விளாடிமிர் பாலென்டீன், செப்டம்பர் 15 அன்று ஜிங்கு மைதானத்தில் ஹான்ஷினுக்கு எதிராக 56-ஐயும் 57-ஐயும் அடித்தார், மொத்தம் 60-இல் முடித்தார். அந்த வருடம் யாருக்கும் சொல்லாமல் பந்தைக் கொஞ்சம் துள்ளலாக மாற்றியிருந்தார்கள் என்பது உண்மை, அது பெரிய சர்ச்சையாகி ஆணையர் பதவி விலகவும் நேர்ந்தது. ஆனால் அதே பந்தில்தான் எல்லோரும் ஆடினார்கள், வேறு யாரும் 60-ஐ நெருங்கவில்லை. 2022-இல் அதே அணியின் முனெதாக்கா முராகாமி, 22 வயதில், பருவத்தின் கடைசி முறை பேட் பிடித்தபோது 56-ஐ அடித்தார். அவர் சட்டையின் எண் 55.

அமெரிக்காவிலும் காவல்காரர்கள் உண்டு. 1961-இல் ராஜர் மாரிஸ், பழைய நாயகன் பேப் ரூத்தின் பருவச் சாதனையான 60-ஐத் துரத்தியபோது ஆணையராக இருந்த ஃபோர்டு ஃப்ரிக், ஒரு காலத்தில் ரூத்தின் பெயரில் கட்டுரைகள் எழுதிக்கொடுத்தவர். பருவம் 154 ஆட்டத்திலிருந்து 162-ஆகியிருந்தது. 154-க்குள் தாண்டாவிட்டால் இரண்டு சாதனைகளும் தனித்தனியாகத்தான் பதிவாகும் என்று பருவத்தின் நடுவில் அறிவித்தார். நெருக்கடியில் மாரிஸுக்கு முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அக்டோபர் 1, கடைசி ஆட்டத்தில் 61 வந்தது. பாஸ்டன் பிட்சர் டிரேசி ஸ்டாலர்ட் ஒளியாமல் அவருக்குப் பந்து வீசினார், அந்த ஒரே ஹோம் ரன்னால் 1-0 என்று தோற்கவும் செய்தார். ஃப்ரிக்கின் பிரிவினையை 1991-இல்தான் நீக்கினார்கள். மாரிஸ் 1985-இலேயே இறந்துவிட்டார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சாதனை பாண்ட்ஸின் 73தான், 2001. ஜட்ஜின் 62, அங்குள்ள இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் சாதனை மட்டும், 2022. பாண்ட்ஸும், அவரைப்போலவே ஹோம் ரன்களைக் குவித்த மார்க் மக்வயர், சாமி சோசாவும் ஆடிய காலத்து எண்கள் மேல் ஊக்கமருந்தின் நிழல் இருக்கிறது. மக்வயர் 2010-இல் ஒப்புக்கொண்டார். தண்டனையோடு கூடிய சோதனையே 2004-இல்தான் வந்தது. அதையெல்லாம் 73-க்குப் பக்கத்தில் முழுசாக எழுதட்டும். எண்ணையே எடுத்துவிட்டு 62-ஐ வைத்தால் ஃப்ரிக் செய்ததைத்தான் நாமும் செய்கிறோம்.

அப்புறம், ‘தொழில்முறை பேஸ்பாலில்’ என்று யாராவது கேட்டால், 73-க்கு முன்னால் இருந்த எண் மக்வயரின் 70 அல்ல. நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் ஊரில் சின்ன லீக்கில் ஆடிய ஜோ பௌமன் 1954-இல் அடித்த 72. அமெரிக்காவின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை, பெட்ரோல் பங்க் வைத்திருந்தவர். பருவத்தின் கடைசி நாளில் 69-ஓடு ஆர்டீசியா ஊருக்குப் போனார். எதிரணி பிட்சர்கள் வீசினார்கள், மூன்று அடித்தார்.

அன்புடன்.