ஊதா டார்ச் அடித்தால் சாக்கடை தெரியுமா?

கேள்வி: ஊதா விளக்கு டார்ச்சைக் குடிதண்ணீரில் அடித்து நீலமாக மின்னினால் சாக்கடை கலந்திருக்கிறது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். எங்கள் வீட்டுத் தண்ணீர் மின்னவில்லை. நம்பிக் குடிக்கலாமா? (ஒரு வாசகி)

பதில்: தயவுசெய்து அந்த டார்ச்சை நம்பி முடிவெடுக்காதீர்கள். வீடியோவில் சொன்னதற்குப் பின்னால் உண்மையான அறிவியல் இருக்கிறது, ஆனால் உங்கள் கையில் இருக்கும் விளக்கால் அதைச் செய்ய முடியாது.

இலை, மண், சாணம், மலம் என்று எது தண்ணீரில் ஊறினாலும் அதிலிருந்து கொஞ்சம் கரைந்துவிடும், துணியில் வடிகட்டினாலும் போகாது. இதைத்தான் கரைந்த கரிமப் பொருள் என்கிறார்கள். இதில் ஒரு பகுதி புற ஊதா ஒளியை வாங்கிக்கொண்டு வேறு அலைநீளத்தில் திருப்பிக் கொடுக்கும். மண்ணிலிருந்தும் மட்கிய இலையிலிருந்தும் வருவது 350 நானோமீட்டர் வாக்கில் வாங்கி 450 வாக்கில் நீலமாகக் கொடுக்கும். சாக்கடைத் தண்ணீரில் தூக்கலாகத் தெரிவது வேறு, டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தைப் போல ஒளிரும் பொருட்கள், பாக்டீரியா இருக்கும் இடத்தில் இவையும் இருக்கும், இவை 280இல் வாங்கி 350இல் கொடுப்பவை. அந்த 350உம் புற ஊதாதான், நம் கண்ணுக்குத் தெரியாது! கடையில் கிடைக்கும் டார்ச் பெரும்பாலும் 365 அல்லது 395, அதனால் அந்தப் பொருளை அது தூண்டவே தூண்டாது. பளிச்சென்று நீலமாக மின்னினால் அது சலவைத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருளாக இருக்கலாம், மேடையில் ஊதா விளக்கில் வெள்ளைச் சட்டை மின்னுமே, அதே சமாச்சாரம்.

சந்தேகம் இருந்தால் ஆய்வகத்தில் கொடுத்து, மலத்தில் இருக்கும் பாக்டீரியாவான இ.கோலி இருக்கிறதா என்று பாருங்கள். 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கேள்வி: இ.கோலி பரிசோதனையே இருக்கும்போது இந்த ஒளிர்வு முறை எதற்கு? (கல்லூரி மாணவர்)

பதில்: நேரத்துக்காக. இ.கோலியை வளர்த்து எண்ணிச் சொல்ல 18 முதல் 24 மணி நேரம் ஆகும், அதற்குள் ஊரே அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்திருக்கும். பின்லாந்தில் நோக்கியா என்றொரு ஊர், செல்போன் கம்பெனிக்குப் பெயர் கொடுத்த ஊர்தான். அங்கே 2007 நவம்பர் கடைசியில், சுத்திகரித்த கழிவுநீர்க் குழாயும் குடிநீர்க் குழாயும் ஓரிடத்தில் இணைந்திருக்க, ஒரு வால்வைத் திறந்ததில் சுமார் நாலரை லட்சம் லிட்டர் கழிவுநீர் குடிநீரில் கலந்துவிட்டது. 8,000 பேருக்கு மேல் வாந்தி, பேதி. வழக்கமான முறையில் சுத்திகரித்த கழிவுநீரிலும் ஒளிர்வு பொதுவாகக் குடிநீரைவிடப் பல மடங்கு இருக்கும், குழாயில் ஒரு ஒளிர்வுமானி ஓடிக்கொண்டிருந்தால் அது சில நிமிடங்களில் துள்ளியிருக்கும் என்றே நினைக்கிறேன். இந்த மாதிரிக் கலப்பைப் பிடிக்க இதைவிட வேகமான வழி எனக்குத் தெரிந்து குறைவு.

கிணறுகளுக்கும் இது உதவும். பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனத்தினர் ஜாம்பியாவில் குடிநீர்க் கிணறுகளில் டிரிப்டோபேன் மானியை இறக்கிப் பார்த்து, மலக் கலப்பைச் சுட்டிக்காட்ட அது பயன்படுகிறது என்று 2015இல் எழுதினார்கள்.

ஆனால் மானி பாக்டீரியாவை எண்ணுவதில்லை. தண்ணீர் சூடானால் ஒளிர்வு குறையும், கலங்கல் இருந்தால் ஒளி சிதறும், இரும்பு அதிகமிருந்தால் மங்கும், மழைக்குப் பிறகு மண்ணிலிருந்து வரும் மட்குப் பொருள் டிரிப்டோபேன் அளவோடு கலந்து குழப்பும். அதனால் ஒரே ஒரு அளவை வைத்து நல்லது கெட்டது சொல்லக் கூடாது, அந்த இடத்தின் வழக்கமான அளவு என்ன, இன்று ஏன் ஏறியது என்றுதான் பார்க்க வேண்டும். ஏறினால் உடனே மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அப்புறம், மட்குப் பொருளின் ஒளிர்வு வேறு வகையிலும் பயன்படுகிறது: குளோரின் அதோடு சேர்ந்தால் குளோரோஃபார்ம் போன்ற வேண்டாத பொருட்கள் உருவாகும், அதனால் குளோரின் போடுவதற்கு முன்பே மட்குப் பொருள் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சுத்திகரிப்பு நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: கொதிக்க வைத்தால் இந்த ஒளிர்வு போய்விடுமா?

பதில்: போகாது. நன்றாகக் கொதித்து ஒரு நிமிடம் தாண்டினால் கிருமிகள் செத்துவிடும், கரைந்த பொருள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆறிய பிறகு அளந்தால் மானி பழையபடி காட்டும், ஆனாலும் கிருமியைப் பொறுத்தவரை அதைத் தாராளமாகக் குடிக்கலாம்.