இலை நின்றுபோனால் யார் பொறுப்பு?

கேள்வி: அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தார். பீடி சுற்றும் பெண்களைப் பற்றி 20 நிமிட ஆவணப்படம் தயாரித்து, அப்படியே டி.வி., சினிமாத் தயாரிப்புக்குப் போக ஆசை. கையில் 2 லட்சம் இருக்கிறது. முதலில் கேமராமேனைப் பிடிக்கவா, ஸ்கிரிப்ட்டை முடிக்கவா?
– வாசகி, முக்கூடல்

பதில்: இரண்டும் அப்புறம். முதலில் பேசப்போகிற பெண்களிடம் கேமரா இல்லாமல் போய் உட்காருங்கள். பீடிக்கடையில் தரும் புகையிலைத் தூள் எடை குறைகிறது, சுற்றிக் கொடுக்கும் நல்ல பீடியையும் கழிவு என்று ஒதுக்குகிறார்கள் என்று ஒருவர் உங்கள் படத்தில் சொன்னால், மறுவாரம் அந்தக் கடையில் அவருக்குச் சுற்ற இலை கிடைக்காமல், வேலையே நின்றுபோகலாம். அதற்குள் படம் எடுத்தவர் அடுத்த வேலைக்குப் போயிருப்பார். சமூக அக்கறை பேசும் படங்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

"முகம் வேண்டாம், கையை மட்டும் எடுக்கிறேன்" என்பது போதாது. மடியில் இருக்கும் சுளகு, வளையல், பின்னால் தெரியும் கதவு, பீடிக்கடை பாஸ் புத்தக எண் என்று ஏதாவது ஒன்று தெரிந்தாலே தெருக்காரர்கள் ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஒப்புதல் கடிதத்தைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். எடிட் முடிந்ததும் அவருக்கே போட்டுக் காட்டி மறுபடி கேளுங்கள். வேண்டாம் என்றால் வெட்டிவிடுங்கள். படப்பிடிப்பால் சுற்றாமல் போன பீடிக்குக் கூலியும் கொடுங்கள்.

தூள் பறக்கும் என்று ஃபேனை அவர்களே அணைத்திருப்பார்கள். டி.வி.யை நீங்கள் அணைக்கச் சொல்லுங்கள். பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டு பதிவானால் அதற்கு உரிமை வாங்க வேண்டிவரும்.

எடிட்டிங், ஒலிக்கலவை, சப்டைட்டில், தணிக்கைச் செலவுக்கு 70,000 ரூபாயைத் தொடாமல் வையுங்கள். இல்லாவிட்டால் படம் ஹார்டு டிஸ்க்கிலேயே தூங்கும்.

1957 பதிப்புரிமைச் சட்டப்படி படத்துக்கு உரியவர் தயாரிப்பாளர்தான். ஆனால் கதை, இசை உரிமையை எழுத்தில் வாங்க வேண்டும். அந்தக் கடிதத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். நண்பர்தானே என்று விடாதீர்கள்.

பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். உங்கள் படத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. புகையிலைப் பொருளைக் காட்டும் படத்தில் தொடக்கத்திலும் நடுவிலும் 30 விநாடி எச்சரிக்கைப் படம், 20 விநாடி அறிவிப்பு, அந்தக் காட்சிகளில் கீழே எழுத்து ஆகியவை விதி. ஆவணப்படத்துக்கான விலக்கு, புகையிலையின் தீங்கைத் தெளிவாகக் காட்டும் படத்துக்குத்தான். உங்களுடையது கூலியைப் பேசுகிற படம். விலக்கு கிடைக்கும் என்று நம்பி எடிட்டை முடித்துவிடாதீர்கள். அந்த விநாடிகளுக்கும் இடம் வைத்தே வெட்டச் சொல்லுங்கள்.