ராமநாதபுரம் கடலோரத்தில் டேட்டா சென்டர்: கேட்டவர்களும் பதிலும்

டேட்டா சென்டர்களுக்கு (தரவைச் சேமித்து இயக்கும் சர்வர் கணினிகள் நிறைந்த மையங்கள்) இடம் மதிப்பிடும் மின், குளிரூட்டல் பொறியாளர் ஒருவர் மாவட்டத்துக்காரர்களின் கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள்.

சார், உச்சிப்புளி பக்கம் கடலுக்கு அரை கிலோமீட்டர்ல 12 ஏக்கர் கிடக்கு. சென்னை விலைல பத்துல ஒரு பங்குகூட இல்ல. கம்பெனிக்காரங்க வருவாங்களா?

விலையைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். இந்தத் தொழிலில் பெரும்பணம் மின், குளிரூட்டும் கருவிகளுக்கே போகும்; நிலம் சின்னக் கணக்கு. உங்கள் சர்வே எண்ணை முதலில் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லை) 500 மீட்டருக்குள் விழுந்தால் அனுமதிப் படலமே தனி. அடுத்தது, பழைய கிராம வரைபடத்தில் கண்மாயோ வரத்துக்காலோ குறுக்கே போகிறதா என்று பார்க்க வேண்டும். சீமைக்கருவேலம் மூடிக் கிடப்பதால் கண்ணுக்குத் தெரியாது, நவம்பர் மழையில் தெரியும். பக்கத்திலேயே கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானதளம் இருப்பதால் கோபுரம், புகைபோக்கி உயரத்துக்கும் தடையின்மைச் சான்று கேட்பார்கள்.

வெளிநாட்டு நிறுவனம் ஒரு நாட்டையே எப்படி எடை போடும்? இலங்கை, மலேசியா எல்லாம் பக்கத்துலதானே இருக்கு?

தரவு உள்நாட்டிலேயே இருக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறதா என்பது முதல் கேள்வி. பணப்பரிவர்த்தனைத் தரவை இந்தியாவிலேயே வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. அந்த வகைக்கு ஒப்பீடே கிடையாது, இங்கேதான் வர வேண்டும். அடுத்தது மின்தொகுப்பு, அதாவது மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலை. தென்மாநிலத் தொகுப்பு 2013 டிசம்பர் 31-இல் தேசியத் தொகுப்போடு இணைந்தது. இலங்கை தனித்தீவுத் தொகுப்பு. 2022 மார்ச் இறுதியில் அங்கே ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு. சிங்கப்பூர் 2019-இல் புதிய மையங்களுக்கு அனுமதியை நிறுத்தி வைத்தது. எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூர் வளர அதுவும் ஒரு காரணம். மூன்றாவது, கடலடிக் கேபிள்கள் எங்கே கரையேறுகின்றன என்பது. இந்தியாவில் பெரும்பாலும் மும்பை, சென்னை. நம் கடலோரம் தடுக்குவது இங்கேதான்.

கமுதியில 648 மெகாவாட் சோலார் ஓடுது. கரண்ட்டுக்கு என்ன பஞ்சம்?

பகலுக்குப் பஞ்சமில்லை. சர்வர்களுக்கு மட்டும் 10 மெகாவாட் இழுக்கும் மையம், குளிரூட்டலோடு 15 மெகாவாட் என்று வைத்தால், ஒரு நாளைக்கு 360 மெகாவாட்-மணி கேட்கும். ஒரு மெகாவாட் சோலார் நாளொன்றுக்குச் சுமார் 4.5 மெகாவாட்-மணி தரும். ஆக 80 மெகாவாட் பலகை வேண்டும், அப்படியும் ராத்திரிக்குத் தொகுப்பைத்தான் நம்ப வேண்டும். கமுதியில் நிஜமான சொத்து அந்த 400 கேவி (கிலோவோல்ட்) துணைமின்நிலையம். இரண்டு வெவ்வேறு துணைமின்நிலையத்திலிருந்து தனித்தனி லைன் கிடைக்குமா என்று கேளுங்கள். கடந்த 12 மாத ட்ரிப் பதிவை (லைன் எப்போதெல்லாம் துண்டானது என்ற கணக்கு) மாதவாரியாக வாங்குங்கள். கடலோர லைன்களில் இன்சுலேட்டர்மேல் உப்பு படிந்து, விடிகாலைப் பனியில் நனைந்து, மேற்பரப்பு வழியே பொறி பாய்ந்து லைன் ட்ரிப் ஆகும். சாதாரண இன்சுலேட்டர் போதாது. கேவிக்கு 31 மில்லிமீட்டர் கசிவுத்தூரம் (மின்சாரம் மேற்பரப்பில் ஊர்ந்து கடக்க வேண்டிய நீளம்) உள்ளதைக் கேட்க வேண்டும்.

துபாய்ப் பாலைவனத்துலயே ஓடுது பாய், நம்ம கீழக்கரைக் காத்துல ஓடாதா?

அங்கேயும் பூட்டிய அறையில் சில்லர் (குளிரூட்டும் பெரிய இயந்திரம்) வைத்துத்தான் ஓடுகிறது, வெளிக்காற்றில் இல்லை. சர்வர் அறைக்குப் பரிந்துரைக்கப்பட்ட பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) உச்சம் 15 டிகிரி. நம் கடலோரத்தில் வருடத்தில் பெரும்பகுதி அது 22-லிருந்து 25 டிகிரி. இந்தக் காற்றை அப்படியே உள்ளே விடவே முடியாது.

ஈரத்தைவிட மோசம் உப்பு. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்துகள் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்துவிடும். சர்க்யூட் போர்டில் அது நடந்தால் சில்லுகளின் உலோகக் கால்களுக்கு நடுவே மின்கசிவு. வெளியே இருக்கும் கண்டன்சரில் (வெப்பத்தை வெளியே தள்ளும் பகுதி) தாமிரக் குழாயும் அலுமினியத் தகடும் சேரும் இடம் வெள்ளைப் பொடியாக உதிரும்; தகடு போனால் அழுத்தம் ஏறி, அமுக்கி (கம்ப்ரசர்) ஒவ்வொரு மதியமும் நின்றுபோகும். எபாக்ஸி பூசிய காயில், 316 ரக எஃகு போல்ட், அறைக்குள் எப்போதும் லேசான மிகை அழுத்தம், உள்ளே வரும் காற்றுக்கு ஈரம் எடுத்து வடிகட்டும் தனி இயந்திரம். இதில் எதையும் பட்ஜெட்டில் வெட்டக்கூடாது.

எங்க திருப்புல்லாணில குடத்த வண்டில தள்ளிக்கிட்டு அலையுறோம். அது எவ்வளவு தண்ணி குடிக்கும் தம்பி?

நியாயமான கேள்வி, அக்கா. கூலிங் டவர் வைத்தால் ஒரு யூனிட் வெப்பத்துக்கு ஒன்றரை லிட்டர் ஆவியாகும். 10 மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு 3.6 லட்சம் லிட்டர். மிச்சத் தண்ணீரில் உப்பு ஏறுவதால் கொஞ்சத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல தண்ணீரை நான்கு மடங்கு செறியும்வரை சுழற்றலாம். மொத்தத் தேவை 4.8 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் 40 நடை. நம் உவர்த் தண்ணீரில் இரண்டு மடங்குக்கே குழாய் அடைக்கும், 7.2 லட்சம், 60 நடை. காவிரிக் கூட்டுக்குடிநீரை நம்பி நிற்கும் மாவட்டத்தில் இதைக் கேட்கவே கூடாது.

கடல்நீரைச் சுத்திகரிக்கலாமே என்பார்கள். அதற்கு ஆகும் மின்சாரம் பெரிதில்லை, ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஒன்றரை லிட்டர் அடர் உப்புநீர் மிஞ்சுமே, அதை மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத்தில் விட யார் அனுமதிப்பார்? அதனால் இங்கே காற்றுக் குளிர்வு சில்லர்தான் ஒரே வழி. கரண்ட் பில் கூடும், தண்ணீர்ச் சண்டை இருக்காது.

கடலடிக் கேபிளை மண்டபத்துலயே ஏத்திட்டா?

பாக் நீரிணை ஆழமில்லாதது. இழுவை மடியும் நங்கூரமும் கேபிளைக் கிழித்துவிடும். தெற்கே 21 தீவுகளோடு தேசியப் பூங்கா. 2006-இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்பு அருகே மவுண்ட் லவினியாவுக்குக் கேபிள் போட்டார்கள். அந்தப் பக்கம் யோசிக்கலாம். தரைவழி ஃபைபர் என்றால் சென்னைக்கு 650 கிலோமீட்டர் வைத்தாலும் போய்வர ஆறரை மில்லிசெகண்ட். தாமதம் பிரச்சினை இல்லை. ஒன்று மதுரை வழி, இன்னொன்று கிழக்குக் கடற்கரைச் சாலை வழி என்று இரண்டு பாதை வேண்டும். இரண்டு கம்பெனியிடம் வாங்கினால் இரண்டு பாதை ஆகிவிடாது, ஒரே குழாயில் இருவரும் வாடகைக்கு இருக்கலாம். பாதை வரைபடத்தை வாங்கி, பாலங்கள், மதகுகளில் இறங்கிப் பாருங்கள். ராமேசுவரம் தீவுக்குத் தரைவழி பாம்பன் மட்டுமே. அதனால் தீவு வேண்டாம்.

புயல், நிலநடுக்கம்?

நிலநடுக்கத்தில் 2016 வரைபடப்படி குறைந்த அபாய மண்டலம் 2. புயலுக்கு 1964 டிசம்பர் தனுஷ்கோடி போதும். டீசல் தொட்டியும் மின்பலகையும் தரைத்தளத்தில் வேண்டாம்.

அப்ப எதுதான் சரிப்படும் சார்?

பரமக்குடி, கமுதி பக்கம் உள்ளே தள்ளி, 500 கிலோவாட்டிலிருந்து 1 மெகாவாட்வரை சின்ன மையம். வேலைவாய்ப்பு என்று பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், கட்டி முடித்தபின் காவலர் சேர்த்துச் சில டஜன் பேர்தான்.

பொறியியல் மாணவர்கள் நாங்க. ப்ராஜெக்டா என்ன செய்யலாம்?

தாமிரம், வெள்ளித் தகடுகளைக் கடலிலிருந்து 1, 5, 20 கிலோமீட்டரில் 30 நாள் தொங்கவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மாதத்துக்குத் தாமிரத்தில் 300 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), வெள்ளியில் 200-க்குக் குறைவாக அரிப்பு இருந்தால் கருவிகளுக்குப் பாதுகாப்பு. கச்சான் காற்று வீசும் ஜூலையில் ஒரு முறை, வாடை வீசும் டிசம்பரில் ஒரு முறை. நிழலில், மழை படாமல், தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் கட்டுங்கள். கருவாடு காயும் இடத்துக்கும் உப்பளத்துக்கும் பக்கத்தில் கட்டினால் அளவு கெட்டுவிடும்.