முன்தேதியிட்ட பத்திரத்தில் கையெழுத்திடாதீர்கள்

கேள்வி: திருப்பூரில் என் கணவரும் அவருடைய அண்ணனும் சரிபாதிப் பங்குதாரர்களாக 14 ஆண்டுகள் நிட்டிங் யூனிட் நடத்திவந்தார்கள். கணவர் இறந்து 2 ஆண்டு 4 மாதம் ஆகிறது. எல்லாச் சொத்தும் எனக்கே என்று அவர் உயில் எழுதிப் பதிவும் செய்திருக்கிறார். மருத்துவமனைச் செலவுக்கு ஒரு ரூபாய்கூடத் தராத மூத்தார், காரியம் முடிந்த மறுநாளே அலுவலகப் பூட்டை மாற்றிவிட்டார். மாமியாரும் அவர் பக்கம். மாதம் 30,000 ரூபாய் கொடுத்து வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். இப்போது, ஒப்பந்தப்படி நான்தான் அடுத்த பங்குதாரர் என்று சொல்லி, புதிய பத்திரமும் வங்கித் தாள்களும் கொண்டுவந்திருக்கிறார். யூனிட்டின் 60 லட்ச ரூபாய் சி.சி. (ரொக்கக் கடன் வரம்பு) கடனுக்கு நாங்கள் குடியிருக்கும் வீடு ஈடாக இருக்கிறது. உயிலுக்குப் புரொபேட் (உயில் செல்லும் என்ற நீதிமன்றச் சான்று) வாங்கி, பாதி மெஷின்களை என் பெயருக்கு மாற்ற முடியுமா? மகளுக்கு 19, மகனுக்கு 15 வயது.

பதில்: நான்கு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் மருத்துவமனை, பூட்டு, மாமியார் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மூன்று பக்கத்தில் நீதிமன்றம் எடுத்துப் பார்க்கும் வரி ஒன்றுகூட இல்லை. உங்கள் வழக்கில் எடையுள்ள விஷயம் ஒன்றே: உங்கள் கணவர் இறந்த தேதி. இரண்டே பேர் பங்குதாரர்களாக இருந்த நிறுவனம், ஒருவர் இறந்த அன்றே கலைந்துவிட்டது.

"பங்குதாரர் இறந்தாலும் நிறுவனம் கலையாது, வாரிசு சேர்த்துக்கொள்ளப்படுவார்" என்ற ஷரத்து உங்கள் பழைய ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பது உண்மைதான். திருப்பூரில் டைப் அடிக்கப்படும் ஒப்பந்தங்களில் பாதிக்கு மேல் அந்த வரி அச்சு மாறாமல் இருக்கும். மூன்று பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் அந்த ஷரத்துக்குப் பொருள் உண்டு; இரண்டு பேரில் ஒருவர் போனபின் மிச்சமிருக்கும் ஒருவர் தனக்குத் தானே கூட்டாளியாக இருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1965-இலேயே சொல்லி, 2010-இல் மறுபடியும் உறுதி செய்திருக்கிறது. ஆகவே, நீங்கள் ஏற்கெனவே பங்குதாரர் ஆகிவிட்டீர்கள் என்று மூத்தார் சொல்வது சட்டப்படி தவறு. பாதி மெஷின் உங்களுடையது என்று நீங்கள் எண்ணுவதும் அதே அளவு தவறு. உங்களுக்கு வந்திருப்பது, இறந்த நாளன்று நிறுவனத்தின் கடன் போக மிஞ்சிய மதிப்பில் உங்கள் கணவருக்குச் சேரவேண்டிய பாதித் தொகையைக் கணக்குப் பார்த்துக் கேட்கும் உரிமை. அது ஒரு பணக் கோரிக்கை. பன்னிரண்டு மெஷினில் ஆறை லாரியில் ஏற்றிக்கொண்டு போகும் உரிமை அதில் அடங்காது.

உயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் எழுதப்பட்டு, அங்குள்ள சொத்தை மட்டும் பற்றிய இந்துவின் உயிலுக்குப் புரொபேட் கட்டாயமாக இருந்ததே இல்லை. எனவே அதற்கென்று தனியாக அலைய வேண்டாம். ஆனால், பதிவான உயில் என்பதாலேயே அது நிரூபிக்கப்பட்ட உயில் ஆகிவிடாது. எதிர்த்தரப்பு மறுத்தால், சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவரையாவது நீதிமன்றத்தில் விசாரிக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய நகலில் முதல் சாட்சி, இன்றைக்கும் உங்கள் மூத்தாரிடம் சம்பளம் வாங்கும் யூனிட் கணக்கர். இரண்டாவது சாட்சி எங்கே இருக்கிறார் என்று இந்த வாரமே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். உயில் நிற்காமல் போனால் நீங்கள், மகள், மகன், மாமியார் ஆகிய நால்வருக்கும் சமபங்கு. கணவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அந்தக் கால் பங்கு யார் கைக்குப் போகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி அந்தப் புதிய பத்திரம். நீங்கள் புகைப்படம் எடுத்து அனுப்பிய மூன்றாம் பக்கத்தின் நடுவில், "இந்த ஒப்பந்தம் காலஞ்சென்ற பங்குதாரர் மரணமடைந்த தேதிக்கு மறுநாள் முதல் அமலுக்கு வந்ததாகக் கருதப்படும்" என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு அடுத்த பத்தியில், "அவருடைய மூலதனக் கணக்கில் உள்ள இருப்பு புதிய பங்குதாரரின் கணக்குக்கு மாற்றப்பட்டது" என்று இருக்கிறது. பார்ப்பதற்கு ஆடிட்டர் வழக்கமாக எழுதும் வரிகள். இந்த இரண்டு வரியில் உங்கள் வழக்கு முழுவதும் கரைந்துபோகும்.

முன்தேதியை ஒப்புக்கொண்டால், நிறுவனம் கலையவே இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்தவர் ஆகிறீர்கள். பிறகு எந்தக் கலைப்புக் கணக்கைக் கேட்பீர்கள்? இறந்த பங்குதாரரின் சொத்து, அவர் இறந்தபின் நிறுவனம் செய்த செயல்களுக்குப் பொறுப்பாகாது என்று கூட்டாண்மைச் சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் பாதுகாப்பும் போய்விடும். ஏனென்றால், இந்த 28 மாதங்களில் மூத்தார் நூல் வாங்கிய பாக்கி, கட்டாமல் விட்ட ஜி.எஸ்.டி., கைமாற்றாக வாங்கிய பணம் எல்லாவற்றுக்கும் அன்று முதலே நீங்கள் பங்குதாரர். பங்குதாரரின் பொறுப்புக்கு உச்சவரம்பு கிடையாது, உங்கள் சொந்த நகையும் சம்பளமும்கூட அதில் அடக்கம். மூலதன இருப்பு ஏட்டு மதிப்பில் போட்ட கணக்கு. அதை ஒப்புக்கொண்டாலோ, 18 லட்சத்துக்கு வாங்கி ஆண்டுதோறும் தேய்மானம் கழித்து ஏட்டில் 3 லட்சமாக நிற்கும் மெஷினை 3 லட்சத்துக்கே ஏற்றுக்கொண்டதாக ஆகும். கலைந்த நிறுவனத்தின் சொத்தை, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாத வரையில், அன்றைய சந்தை மதிப்பில்தான் கணக்கிட வேண்டும். நிறுவனத்தின் நற்பெயருக்கும் (குட்வில்) மதிப்பு உண்டு. மூன்று நஷ்டமும் ஒரே கையெழுத்தில் வந்து சேரும்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டு ஓர் அம்மாள் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் இருந்தவை, நூல் வியாபாரியின் காசோலை மோசடி நோட்டீசும் வங்கியின் கடன் மீட்பு நோட்டீசும். இரண்டும் கணவர் இறந்தபின் ஏற்பட்ட கடன்கள். யூனிட்டுக்குள் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. "வீட்டு மனிதர்தானே என்று போட்டேன்" என்றார். காசோலை வழக்கில் அன்றாட நிர்வாகத்தில் தமக்குத் தொடர்பில்லை என்று காட்ட வழி இருந்தது. வங்கித் தாளில் சொந்த ஜாமீன்தாராகவும் கையெழுத்திட்டிருந்தபடியால் அங்கே என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. உங்களிடம் நீட்டப்பட்டிருக்கும் வங்கித் தாள்களும் அதே ஜாமீன் பத்திரங்கள்தாம். கையெழுத்திடாத வரையில், கணவரின் கடனுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு மட்டுமே நீங்கள் பொறுப்பு. ஈடாக வைத்த வீடு அந்தச் சொத்தில் ஒன்று என்பதால், இறந்த நாளன்று சி.சி. கணக்கில் எவ்வளவு நிலுவை இருந்தது என்ற விவரத்தை வங்கியிடம் எழுத்துமூலம் கேட்டு இப்போதே வாங்கிவிடுங்கள்.

மூத்தாருக்கு இத்தனை அவசரம் ஏன் என்று யோசித்தீர்களா? கலைந்துபோன நிறுவனத்தின் பெயரிலும் ஜி.எஸ்.டி. எண்ணிலும் அவர் இதுவரை ஓட்டிவந்துவிட்டார். கடன் வரம்பைப் புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் வாரிசின் கையெழுத்து எங்கே என்று வங்கி கேட்டிருக்கிறது. அந்தக் கையெழுத்து உங்களைத் தவிர வேறு யாரிடமும் இல்லை. பேரத்தில் உங்களிடம் உள்ள ஒரே சரக்கு அது. அதை இலவசமாகக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆனால் உங்கள் பக்கத்திலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. கலைந்த நிறுவனத்தின் கணக்கைக் கேட்டு வழக்குப் போட, கலைந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் கெடு. உங்களுக்கு மிச்சம் 8 மாதம். "பையனுக்குப் பதினெட்டு ஆகட்டும், பார்த்துச் செய்கிறேன்" என்று உறவினர் முன்னால் அவர் சொன்ன வாக்கு அந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. கணக்குப் பாக்கி இருப்பதை ஒப்புக்கொண்டு, கெடு முடிவதற்குள் அவர் கையெழுத்திட்டு எழுதித் தந்தால் மட்டுமே நீளும். நிறுவனம் பதிவு செய்யப்படவில்லையே என்று பயப்பட வேண்டாம். பதிவில்லாத நிறுவனத்தின் பங்குதாரர் வழக்குப் போட முடியாது என்ற தடை, கலைந்த நிறுவனத்தின் கணக்கு வழக்குக்குப் பொருந்தாது. பழைய ஒப்பந்தத்தில் தகராறை நடுவரே தீர்க்க வேண்டும் என்ற ஷரத்து இருந்தால், நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவரிடம் போக வேண்டியிருக்கும். கெடு அங்கும் அதே.

மாதம் வாங்கும் 30,000 ரூபாயைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லியாக வேண்டும். கணக்கைத் தீர்க்காமல் தொழிலைத் தொடர்ந்தவர், உங்கள் பங்குத் தொகையைப் பயன்படுத்திச் சம்பாதித்த லாபத்தையோ ஆண்டுக்கு 6% வட்டியையோ தர வேண்டும்; இரண்டில் எது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். பங்கு 40 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 28 மாத வட்டி 5.60 லட்சம். நீங்கள் இதுவரை வாங்கியிருப்பது 8.40 லட்சம். அதாவது வட்டிக் கணக்கில் போனால் நீங்கள்தான் கூடுதலாக வாங்கியிருக்கிறீர்கள், மிச்சத்தை அவர் அசலில் கழிப்பார். லாபக் கணக்கு உங்களுக்குச் சாதகமாக வரலாம். ஆனால் லாபத்தைக் காட்டும் புத்தகம் அவர் மேசையில் இருக்கிறது. வவுச்சரில் 'சம்பளம்' என்றோ 'பங்குதாரர் பற்று' என்றோ எழுதியிருந்தால் அடுத்த மாதம் முதல் அதை அடித்துவிட்டு, 'மறைந்த பங்குதாரரின் பங்குத் தொகைக்காக, கணக்கு முடியும் வரை' என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

வழக்குப் போடலாமா என்றால், போட முடியும். ஆனாலும் சமரசம் செய்துகொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. கணக்கு வழக்கில் முதலில் கணக்குப் பார்க்க உத்தரவிடும் பூர்வாங்கத் தீர்ப்பு, அதன்பின் நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் ஒருவர் புத்தகங்களைப் புரட்டுவது, அதற்கு ஆட்சேபம், அதன்பின் இறுதித் தீர்ப்பு. அது வருவதற்குள் மெஷின்கள் பழைய இரும்பு விலைக்கு வந்துவிடும். தவிர, கூட்டாண்மை ஒப்பந்தத்திலிருந்து எழும் 3 லட்சத்துக்குக் குறையாத வழக்கு வணிக வழக்கு. அவசர இடைக்கால உத்தரவு கேட்காத பட்சத்தில், அதைத் தாக்கல் செய்யும் முன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரச முயற்சி செய்தே ஆக வேண்டும். அந்த முயற்சி நடக்கும் காலம் 3 ஆண்டுக் கெடுவில் சேராது. எனவே அடுத்த மாதமே நோட்டீஸ் அனுப்பி அங்கே மனுப் போடுங்கள். நேர்மையான ஆடிட்டர் ஒருவர் போடும் மதிப்பிலிருந்து 15%, 20% குறைத்துக் கேட்டாலும் ஒப்புக்கொள்ளலாம். அதற்கு மேல் போராடி வாங்கும் பணம் பெரும்பாலும் என் போன்றவர்களின் கட்டணத்துக்கே போகும்.

ஆனால் ஒரு நிபந்தனையில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முதல் தவணைப் பணமும், வீட்டுப் பத்திரத்தை வங்கி விடுவித்துத் தருவதும் ஒரே நாளில் நடக்க வேண்டும். அவர் தம் சொத்தை ஈடு வைத்து அதைச் செய்துகொள்ளட்டும். "முதலில் உரிமையை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் போடு, வீட்டை அப்புறம் மீட்டுத் தருகிறேன்" என்ற பேச்சுக்குச் சம்மதித்தவர்களை நான் மறுபடியும் சந்தித்த இடம் ஏல அறிவிப்புப் பக்கம். மீதித் தவணைகளுக்குப் பிராமிசரி நோட்டு போதாது. சமரசத்தை மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்யுங்கள். அந்தத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது, தவணை தவறினால் நேரே நிறைவேற்று மனுப் போடலாம். அதில் மகளும் மாமியாரும் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் உயில் பொய் என்று நாளை இன்னொரு வழக்கு வரும். மகன் மைனர் என்பதால் அவன் சார்பில் நீங்கள் செய்யும் சமரசத்துக்கு நீதிமன்ற அனுமதி கேட்டு வாங்கிவிடுங்கள்.

கையில் இருக்கும் அந்தப் பத்திரத்தை எல்லாப் பக்கமும் நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தில் ஓர் எழுத்தும் எழுதாமல், பதிவு செய்த ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ப்புச் சான்று கிடைக்கும்படி திருப்பி அனுப்பிவிடுங்கள்.