மானுக்கும் எல்க்குக்கும் ஒரே இடியன் துவக்கு: எந்தக் காலிபர் எடுக்கலாம்?

கேள்வி இதுதான்: "ஊர் இலங்கையில் ஹட்டன். இப்போது கொலராடோவில் வேலை. குழல் வாயால் வெடிமருந்து போட்டு இடிக்கும் பழைய பாணித் துவக்கோடு செப்டம்பரில் வேட்டைக்குப் போக நினைக்கிறேன். ஈய உருண்டை மட்டும்தான் பாவிப்பேன். முதலில் மான், பிறகு எல்க் (இங்குள்ள பெரிய மான் இனம்). .45, .50, .54 மூன்றில் எது நல்லது? .58 மேலும் ஒரு கண் இருக்கிறது."

.54 எடுங்கள், அதாவது குழல் துளை 0.54 அங்குலம் உள்ளதை (காலிபர் என்பது அந்தத் துளையின் அளவுதான்). கடையில் நின்றுகொண்டு இதைப் படிப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏன் என்று கேட்பவர்களுக்கு மீதி.

என் தாத்தா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இரவுக் காவல் பார்த்தவர். தோட்டத்துக்கென்று ஒரு இடியன் இருந்தது. கம்பியால் இடித்து இறக்குவதால்தான் அந்தப் பெயர் என்று நினைக்கிறேன். பங்களாவில் பூட்டியே கிடக்கும். மரக்கறிப் பாத்திக்குப் பன்றி இறங்கும் காலத்தில் மட்டும் தாத்தா கைக்கு வரும். அதன் காலிபர் என்ன என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை, அந்தச் சொல்லே அவருக்குத் தெரியாது. துவக்கோடு சேர்த்து ஓர் இரும்பு அச்சு கொடுத்திருந்தார்கள். அதில் ஈயம் ஊற்றினால் என்ன உருண்டை வருகிறதோ அதுதான் அந்தத் துவக்குக்கு உரியது. அவ்வளவுதான் விஷயம். பிறகு நான் வேலைக்காகப் பென்சில்வேனியாவில் ஐந்து வருஷம் இருந்தேன். அங்கே கிறிஸ்மஸ் முடிந்த கையோடு, பனிக்குள், சக்கிமுக்கிக் கல் துவக்குக்கென்றே தனியாக ஒரு மான் வேட்டைக் காலம் விடுவார்கள். நான் படித்ததெல்லாம் அங்கேதான், அதுவும் கொஞ்சம் காசைக் கரியாக்கி.

சரி, காலிபருக்கு வருவோம். உருண்டையை நீட்ட முடியாது என்பதுதான் இதில் எல்லாவற்றுக்கும் அடிப்படை. நீள ரவையாக இருந்தால் அதே விட்டத்தில் நீளத்தைக் கூட்டி எடையை ஏற்றிவிடலாம். உருண்டைக்கு எடை வேண்டுமென்றால் விட்டம் கூடத்தான் வேண்டும். விட்டம் கொஞ்சம் கூடினாலே எடை மளமளவென்று ஏறும்; விட்டம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்கு. .32 துவக்கின் உருண்டை ஒரு கடலையின் பருமன்தான், 3 கிராம்கூட வராது. அணில், முயலுக்குச் சரி. .45 உருண்டை 8.3 கிராம். .50 என்றால் 11.5. .54 என்றால் 14.5. .58க்குப் போனால் 18. .50க்கும் .54க்கும் நடுவே குழலில் ஒரு மில்லிமீற்றர்தான் வித்தியாசம், ஆனால் எடையில் கால் பங்கு கூடிவிடுகிறது.

மருந்தை அதிகம் போட்டு வேகத்தைக் கூட்டினால் .45லேயே சமாளிக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. காற்று விடாது. நீள ரவையை விட உருண்டை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். நொடிக்கு 1,800 அடி வேகத்தில் கிளம்பும் .50 உருண்டை 100 கஜம் போவதற்குள் அந்த வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். அடிக்கும் பலமோ பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கூடுதலாகப் போட்ட மருந்தில் பெரும்பங்கு வழியிலேயே கரைந்துபோகும். உங்கள் தோளுக்குக் கிடைப்பது மட்டும் முழுசாகக் கிடைக்கும். கனமான உருண்டை வேகத்தை இவ்வளவு சீக்கிரம் விடாது. அதனால்தான் உருண்டை போடுகிறவன் மருந்தை நம்பாமல் விட்டத்தை நம்புகிறான்.

உங்கள் மாநிலச் சட்டமே பாதி வேலையை முடித்துவிடுகிறது. கொலராடோவில் முன்வாய்த் துவக்குக்கு மானுக்குக் குறைந்தது .40, எல்க்குக்குக் குறைந்தது .50 இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உரைக்குள் வைத்த ரவை, வில்லையாகச் செய்த மருந்து, தொலைநோக்கிக் குறி எதுவும் முன்வாய்த் துவக்கு வேட்டைக் காலத்தில் கூடாது. பழைய பாணிக்காரரான உங்களுக்கு இவற்றால் நட்டமில்லை. ஆனாலும் அந்தந்த வருஷக் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆக, எல்க் ஆசை இருக்கும்வரை .45 கணக்கிலேயே இல்லை. மானுக்கு மட்டும் என்றால் அது அருமையான துவக்கு: உதை குறைவு, ஒரு இறாத்தல் ஈயத்தில் 54 உருண்டை ஊற்றலாம், 60 கஜத்துக்குள் நெஞ்சுக்கூட்டில் பட்டால் மான் தூரம் போகாது. பென்சில்வேனியாவில் நான் முதலில் கையில் எடுத்ததும் .45தான்.

மிஞ்சுவது .50தா .54தா என்பதுதான். நிறையப் பேர் .50 என்பார்கள், தப்புச் சொல்ல முடியாது. உருண்டை, அச்சு, துடைக்கும் சாமான் எல்லாம் .50க்குத்தான் எந்தக் கடையிலும் கிடைக்கும். மானோடு நிறுத்துவதானால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் கொலராடோ எல்க் ஆண் ஒன்று 300 கிலோ சுமாருக்கு நிற்கும். .50 சட்டத்தின் அடிவிளிம்பு. அடிவிளிம்பில் நின்றுகொண்டு அவ்வளவு பெரிய மிருகத்தைக் குறி பார்க்க எனக்கு மனம் வராது. காயப்பட்ட மிருகத்தின் பின்னால் இருட்டும்வரை நடந்து பார்த்தவர்களுக்கு இது புரியும்.

நீங்கள் கேட்கும் கேள்வி நீங்கள் இப்போது இருக்கும் ராக்கி மலையிலேயே இருநூறு வருஷம் முன்பு கேட்கப்பட்ட கேள்விதான். கிழக்கே பென்சில்வேனியா, கென்டக்கிக் காடுகளில் நீளக் குழல் துவக்குகள் .40, .45 என்று மெலிந்து போய்க்கொண்டிருந்தன. ஈயமும் மருந்தும் மிச்சம், மானுக்கும் போதும். ஆட்கள் மேற்கே ராக்கி மலைக்கு ஏறியதும் எதிரே வந்தவை எல்க், காட்டெருமை, கரடி. செயின்ட் லூயிஸில் ஹாக்கன் சகோதரர்கள் செய்து கொடுத்த துவக்குகள் குட்டையாக, தடித்த குழலோடு, பெரும்பாலும் .50க்கு மேலே போனது அதனால்தான். அதற்கு முன்பே 1803 மாதிரி அமெரிக்க ராணுவத் துவக்கும் .54. அந்த அளவு காட்டில் பழகிப் பழகி வந்த அளவு.

பெரிய துளை என்றால் துவக்கு கனமாக இருக்கும் என்று பயப்படாதீர்கள். நேர்மாறு. வெளியே ஒரே பருமனுள்ள குழலில் துளை பெரிதானால் உள்ளே இரும்பு குறைகிறது. அதே மாதிரித் துவக்கில் .54 எடை .50ஐ விடக் கொஞ்சம் குறைவுதான். மலையேறும்போது அதுவும் ஒரு லாபம். உதை மட்டும் கூடும்.

.58 வேண்டாம். கெட்டது என்று சொல்லவில்லை. உருண்டை வளைந்து விழும், தூரத்தைச் சரியாகக் கணிக்கத் தெரிய வேண்டும், ஒரு இறாத்தல் ஈயத்துக்கு 25 உருண்டைதான் வரும் (.54க்கு 31). புதிதாகப் பழகுகிறவர் நிறையச் சுட வேண்டும். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடும் பழக்கம் ஒருதரம் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது.

காலிபரை விட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவே இல்லை. குழலுக்குள் திருகுபோல் ஓடும் புரி (உருண்டையைச் சுழலவைக்கும் பள்ளம்) எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிறது? நான் .45ஐ விற்றுவிட்டு ஆசையாக ஒரு பாவித்த .50 வாங்கினேன். விற்ற கடைக்காரர் "உருண்டையும் போடலாம், நீள ரவையும் போடலாம்" என்றார். 40 கஜத்துக்கு அப்பால் அது சுட்ட அட்டையைப் பார்த்தால் யாரோ கைப்பிடி மிளகை வீசியது போல இருந்தது. இரண்டு மாதம் என்னையே திட்டிக்கொண்டேன். கடைசியில் குழலை அளந்து பார்த்தால் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அது நீள ரவைக்கானது. உருண்டைக்கு நல்ல வேட்டை மருந்து போட்டால் புரியைப் பிடிக்காமல் சறுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். உருண்டைக்கு 60, 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மெதுவாகப் போகும் புரி வேண்டும். 48 என்பது இரண்டுக்கும் நடுவே ஒரு சமாதானம். .54ஐ கையில் எடுத்ததும் முதலில் இதைக் கேளுங்கள். அப்புறம், உருண்டை குழலை விட ஒரு நூலிழை சிறிதாக இருக்க வேண்டும் (.54க்கு .530), அந்த இடைவெளியை எண்ணெய் தடவிய பருத்தித் துணி அடைக்கும். தாத்தா துணிக்குப் பதில் தேங்காய்த் தும்பு வைத்துத்தான் இடிப்பார், அவர் சுட்டது பத்துப் பதினைந்து கஜத்தில். கறுப்பு மருந்தோ அதற்கென்றே விற்கும் மாற்று மருந்தோ மட்டும்தான். புகையில்லா மருந்தை இந்தக் குழலில் போட்டால் குழல் முகத்தில் வெடிக்கும்.

நம் மலையைப் பற்றி ஒரு வார்த்தை, உங்கள் ஊர்க்காரன் என்ற உரிமையில். 1846இல் இலங்கைக்கு வந்து நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கரிடம் இருந்த துவக்குகளைப் பார்த்தால் உங்கள் .58 விளையாட்டுச் சாமான். நாலு அவுன்ஸ் உருண்டை போகும் ஒற்றைக் குழல் ஒன்று, எடை 21 இறாத்தல். இரண்டு அவுன்ஸ் ஒன்று. 10 போர் இரட்டைக் குழல் நாலு. போர் என்றால் ஒரு இறாத்தல் ஈயத்தில் அந்த அளவு உருண்டை எத்தனை வரும் என்ற கணக்கு. 12 போர் என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அதே கணக்குத்தான். அவையெல்லாம் யானைக்கு. மரைக்கு அவர் நுவரெலியாக் காட்டில் துவக்கையே எடுப்பதில்லை, நாய்களை விட்டுத் துரத்திக் கத்தியால்தான் முடிப்பார். அந்தப் பனிமூட்டத்திலும் நெருக்கமான காட்டிலும் துவக்குக்கு வேலை இல்லை. மரையைத்தான் அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் எல்க் என்றார்கள். எல்க் பிளெயின்ஸ் என்ற இடப்பெயர் இன்னும் இருக்கிறது. ஆகவே ஊரில் யாராவது "எங்கள் தாத்தா இடியனாலேயே எல்க் விழுத்தினார்" என்று கதை விட்டால், அது வேறு எல்க் என்று நினைவில் வையுங்கள்.

இங்கிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு: இலங்கையில் இடியனும் அனுமதிப்பத்திரம் வேண்டிய துவக்குத்தான், மரையும் மானும் பாதுகாக்கப்பட்ட மிருகங்கள். இடியனைக் கட்டுத்துவக்காக (கயிறு தட்டுப்பட்டால் தானாக வெடிக்கும் பொறியாக) கட்டிவிட்டுப் போகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. அந்தக் கயிற்றுக்குப் பன்றியும் விறகு பொறுக்கப் போகிறவளும் ஒன்றுதான்.

தோட்டத்து இடியனை 1971 ஜே.வி.பி. கிளர்ச்சியின்போது பொலிஸில் ஒப்படைத்தார்கள், திரும்பி வரவில்லை. அச்சு மட்டும் தாத்தாவின் தகரப் பெட்டியில் தங்கிவிட்டது. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் அதை எடுத்துக்கொண்டு பக்கத்து கராஜுக்குப் போய் அளந்தேன். 15.5 மில்லிமீற்றர். ஈயம் ஊற்றினால் 22 கிராம் உருண்டை, ஏறக்குறைய 20 போர், உங்கள் கணக்கில் .62. பன்றிக்குத் தேவையானதை விட அதிகம்தான். தாத்தா அதை வைத்து எத்தனை பன்றி விழுத்தினார் என்று அம்மாவிடம் கேட்டேன். சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கும் என்றார்.