ஒற்றை ஆள் சமையல்: காய்கறி ஏன் அழுகுகிறது?

கேள்வி: தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறேன். மொத்தமாக வாங்கினால் விலை குறைவு என்று ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ வாங்குவேன். வாரக் கடைசியில் பாதி குப்பைக்குத்தான் போகிறது. ஒரு ஆளுக்கு எவ்வளவு வாங்கலாம்?

நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு போன்ற கிழங்குகள் இந்தக் கணக்கில் வராது. அப்படிப் பார்த்தால் வாரத்துக்கு 2.8 கிலோ. தோல், காம்பு கழிவதையும் சேர்த்தால் மூன்று கிலோவுக்குச் சற்று மேலே போகும். ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ எடுத்தால் மூன்றே வகையில் வாரக் கோட்டா முடிந்துவிடுகிறது. நீங்கள் ஏழெட்டு வகை எடுக்கிறீர்கள், அதனால்தான் மிஞ்சுகிறது. ஒரு வகைக் காய்க்கு 250 கிராம் போதும். வெளியே சாப்பிடும் வேளைகளையும் முன்கூட்டியே கழித்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் மறந்துபோவது இதைத்தான்.

தள்ளுபடிக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ வாங்கி 400 கிராமை வீசுகிறீர்கள் என்றால், தள்ளுபடி 40 சதவீதத்தைத் தாண்டினால்தான் உங்களுக்கு லாபம். அதற்குக் குறைவென்றால் சில்லறையாக 600 கிராம் வாங்குவதே மலிவு.

வாங்கி வந்ததும் எதை முதலில் சமைப்பது என்று முடிவு செய்துவிடுங்கள். கீரை, காளான் முதல் இரண்டு மூன்று நாளில். பீன்ஸ், கத்தரிக்காய், வெள்ளரி, குடைமிளகாய் வார நடுவில். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் கடைசிக்கு. இவை இரண்டு வாரம்கூடத் தாங்கும்.

கேள்வி: கீரையையும் கொத்தமல்லியையும் கடையில் கொடுத்த பையோடு ஃபிரிட்ஜில் வைக்கிறேன். இரண்டே நாளில் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. திறந்து வைத்தால் வதங்கிப்போகிறது. என்னதான் செய்வது?

அந்தப் பையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். பறித்த பிறகும் இலை மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருக்கிறது; ஈரமும் வெளியேறிக்கொண்டே இருக்கும். இறுக்கிக் கட்டிய பையில் அந்த ஈரம் குளிர்ந்து, திரும்ப இலைமேலேயே சொட்டுகிறது. இலை கசங்கிய இடம், ஒடிந்த இடம் வழியாக பாக்டீரியா உள்ளே நுழைய அந்தத் துளி போதும். திறந்து வைத்தாலோ ஃபிரிட்ஜின் வறண்ட காற்று இலையிலுள்ள நீரை உறிஞ்சிவிடும். ஆகவே இலையைச் சுற்றியுள்ள காற்றில் ஈரப்பதம் வேண்டும், இலைமேல் நீர் நிற்கக் கூடாது.

முதலில் கட்டை அவிழ்த்துவிடுங்கள். ரப்பர் பேண்டோ நாரோ இறுக்கிய இடத்தில் தண்டு நசுங்கியிருக்கும். அழுகல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். மஞ்சளானது, கசங்கியது, கறுத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். சமைக்கும் நேரத்தில் கழுவுவதே நல்லது. கழுவித்தான் வைப்பேன் என்றால் துணியில் பரப்பி, தொட்டால் விரலில் ஈரம் ஒட்டாத அளவுக்கு உலர விடுங்கள். இதில் அவசரப்பட்டால் மீதி எல்லாமே வீண். மூடியுள்ள டப்பாவின் அடியில் உலர்ந்த பருத்தித் துணியோ சமையலறைக் காகிதமோ விரித்து, இலையை அழுத்தாமல் பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு மூடுங்கள். துணி ஈரமானால் மாற்ற வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தால் போதும். இப்படி வைத்த கீரை ஐந்தாறு நாள் நிற்கும்.

கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் இன்னொரு வழி இருக்கிறது. தண்டின் அடியை ஒரு செ.மீ. நறுக்கிவிட்டு, 3 செ.மீ. தண்ணீர் ஊற்றிய டம்ளரில் நிறுத்துங்கள். இலை எதுவும் தண்ணீரைத் தொடக் கூடாது. மேலே ஒரு பையைத் தளர்வாகக் கவிழ்த்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒன்றுவிட்டு ஒருநாள் தண்ணீரை மாற்றினால் ஒரு வாரத்துக்கு மேல் பச்சையாகவே இருக்கும்.

எந்த இலையும் ஃபிரிட்ஜின் பின்சுவரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அங்கே உறைந்து, பிறகு கண்ணாடிபோல் நீர்கோத்துக் கறுத்துவிடும். இதைத்தான் பலர் அழுகல் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: ஃபிரிட்ஜின் காய்கறி டிராயரில் நகர்த்தும் வசதியோடு ஒரு சின்ன துளை இருக்கிறது. அது எதற்கு?

ஈரப்பதத்தைக் கூட்டிக் குறைக்க. மூடினால் உள்ளே ஈரம் தங்கும்: கீரை, பீன்ஸ், கேரட், காலிஃபிளவருக்கு அது சரி. திறந்தால் ஈரத்தோடு எத்திலீன் வாயுவும் வெளியேறும்: ஆப்பிள், பேரிக்காய் போன்ற பழங்களுக்கு அது. பழம் பழுக்கும்போது வெளிவிடும் இந்த வாயு பக்கத்திலுள்ள இலையை மஞ்சளாக்கும், கேரட்டைக் கசக்கவைக்கும். ஒரே டிராயர்தான் என்றால் அதைக் காய்களுக்கு விட்டுவிட்டு, பழத்தை மேல்தட்டில் வையுங்கள்.

கேள்வி: தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்றையும் ஒரே கூடையில் வெளியே வைக்கலாமா?

மூன்றும் வெளியே இருக்கலாம், ஒரே கூடையில் வேண்டாம். உருளைக்கிழங்கிலிருந்து வெளிவரும் ஈரம் வெங்காயத்தை முளைக்கவும் அழுகவும் வைக்கும். வெங்காயத்தைக் காற்றோட்டமான வலைப்பையில் தொங்கவிடுங்கள். உருளைக்கிழங்குக்கு இருட்டு வேண்டும். வெளிச்சம் பட்டால் பச்சை நிறம் ஏறி, கூடவே சோலனைன் என்ற நச்சும் கூடும். அதற்காக ஃபிரிட்ஜுக்குக் கொண்டுபோனால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அப்படிப்பட்ட கிழங்கைப் பொரித்தால் சீக்கிரம் கருகும், புற்றுநோய் ஆபத்தைக் கூட்டக்கூடும் என்று கருதப்படும் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருளும் அதிகம் உண்டாகும்.

தக்காளி 12 டிகிரிக்குக் கீழே போனால் மணமும் சுவையும் மங்கும். காயாக இருந்தால் வெளியே பழுக்கட்டும். நன்றாகப் பழுத்து, இன்று சமைக்க முடியாது என்றால் ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடலாம். சுவை கொஞ்சம் குறைந்தாலும் அழுகவிடுவதைவிட அது மேல். வெள்ளரியும் கத்தரியும்கூடக் கடுங்குளிர் தாங்காதவை. நாள் கணக்கில் ஃபிரிட்ஜில் கிடந்தால் தோலில் குழி விழும், கத்தரியின் விதை பழுப்பாகும். கதவுப் பக்கத் தட்டு சற்று வெதுவெதுப்பானது, அங்கே வைக்கலாம்.

கேள்வி: பாதி முட்டைக்கோஸ், கால் வெங்காயம் என்று மிச்சம் விழுந்துகொண்டே இருக்கிறது. இந்தத் துண்டுகளை எப்படி வைப்பது?

முட்டைக்கோஸை வெட்டவே வேண்டாம். வெளியிலிருந்து வேண்டிய இலையை மட்டும் உரித்தெடுத்தால் மீதி முழுக்கோஸாகவே நிற்கும். வெட்டியே ஆக வேண்டிய காய்களின் வெட்டுமுகம் காற்றுப்படாதபடி மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் இருக்கட்டும், மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். வெட்டிய காய், பழம் எதுவும் அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்க வேண்டாம்; வெயில் நாளில், 32 டிகிரிக்கு மேல் என்றால், ஒரு மணி நேரம்தான். மிச்சப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். காற்றில்லாத எண்ணெய்க்குள் பாட்டுலிசம் என்ற உயிருக்கு ஆபத்தான நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிருமி வளரும். மணத்திலோ நிறத்திலோ தெரியாது.

கேள்வி: ஃபிரீசரில் போட்டால் எல்லாம் கெடாமல் இருக்குமா? பீன்ஸ் போட்டுப் பார்த்தேன், நாரும் சக்கையுமாகிவிட்டது.

உறைந்த பிறகும் காயிலுள்ள நொதிகள் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். நிறமும் சுவையும் போவது அதனால்தான். அந்த நொதிகளை நிறுத்த, உறையவைக்கும் முன் நறுக்கிய பீன்ஸைக் கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டெடுங்கள். பட்டாணிக்கு ஒன்றரை நிமிடம், கேரட் துண்டுக்கு இரண்டு நிமிடம், கீரைக்கு இரண்டு நிமிடம். எடுத்த கையோடு ஐஸ் தண்ணீரில் அதே அளவு நேரம் போடுங்கள், இல்லாவிட்டால் உள்சூட்டில் வெந்துகொண்டே போகும். வடித்து, துணியில் ஒற்றி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவிட்டு, பிறகு பையில் ஒரு வேளைக்கு ஒன்றாகக் கட்டுங்கள். தனி ஆளுக்கு இந்தக் கடைசிப் படிதான் முக்கியம். ஒரே கட்டியாக உறைந்த ஒரு கிலோவை யாரும் உடைத்துச் சமைப்பதில்லை. காற்றை முடிந்தவரை வெளியேற்றிவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

வெள்ளரி, முள்ளங்கி, சாலட் இலை ஃபிரீசருக்கு ஆகாது. தக்காளியை வேகவைக்காமலே முழுசாகப் போடலாம். எடுத்துத் தண்ணீரில் காட்டினால் தோல் தானாகக் கழன்றுவிடும். குழம்புக்கு ஆகும், பச்சையாகச் சாப்பிட ஆகாது.

கேள்வி: எத்திலீன் உறிஞ்சும் பொட்டலம், வெற்றிடம் செய்து ஒட்டும் இயந்திரம் இரண்டும் விற்கிறார்கள். வாங்கலாமா?

பொட்டலத்தில் பெரும்பாலும் இருப்பது, எத்திலீனைச் சிதைக்கும் பெர்மாங்கனேட் என்ற வேதிப்பொருள் ஏற்றிய துகள். பழுப்பதைத் தள்ளிப்போடும், ஈரத்தால் வரும் அழுகலைத் தடுக்காது. உங்கள் வீட்டில் அழுகுவது கீரை என்றால் இதற்குக் கொடுக்கும் காசு தண்டம். வெற்றிட இயந்திரம் ஃபிரீசர் பைகளுக்கு நல்லது, மேல்பரப்பு காய்ந்து வெளுப்பதைத் தடுக்கும். காளான், பச்சைப் பூண்டை அதில் ஒட்டி வைக்காதீர்கள். எண்ணெயில் பூண்டுக்குச் சொன்ன அதே ஆபத்து இங்கும் உண்டு. ஃபிரீசரை அதிகம் பயன்படுத்தாதவர்களுக்கு இரண்டுமே தேவையில்லை. அந்தக் காசில் ஒரு ஃபிரிட்ஜ் தெர்மோமீட்டர் வாங்கி, நடுத்தட்டில் 4 டிகிரியைத் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பூஞ்சை பூத்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியைச் சமைக்கலாமா?

காய் கெட்டியா மெத்தென்றதா என்று பாருங்கள். கேரட், முட்டைக்கோஸ், குடைமிளகாய் போன்றவற்றில் பூஞ்சை ஆழமாக இறங்குவது சிரமம். அந்த இடத்தைச் சுற்றியும் அடியிலும் இரண்டரை செ.மீ. விட்டு, கத்தி பூஞ்சையில் படாமல் வெட்டியெடுத்து மீதியைச் சமைக்கலாம். தக்காளி, வெள்ளரி போன்ற நீர்ச்சத்து மிகுந்தவற்றில் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும், முழுதாகத் தூக்கிப் போடுங்கள். வெறுமனே துவண்டுபோன கேரட் கெட்டுப்போனதல்ல. நீர் வற்றியிருக்கிறது, அவ்வளவுதான். குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் போட்டால் மறுபடி விறைத்துக்கொள்ளும்.